உறங்கும் முன் ஐந்து நிமிடம்

(படாளத்தில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

இன்று நான் அடுப்பைப் பற்றியும், மின் கம்பியைப் பற்றியும், தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பற்றியும் பேசப் போகிறேன். மிம்பரில் நின்று பேசுவதற்கு இவையும் ஒரு பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். நம்முடைய இல்லங்களை அமைதி பெறும் இடங்களாக ஆக்கித் தந்ததை அல்லாஹ் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக எடுத்துச் சொல்கிறான் (அல்குர்ஆன் 16:80). அந்த அருட்கொடை நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைக் காப்பது மார்க்கத்தின் ஒரு பகுதியே அன்றி அதற்கு வெளியே உள்ளதன்று.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே மக்கள் இருக்கையிலேயே தீப்பற்றி எரிந்தது. செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, நெருப்பு உங்களுக்குப் பகையானது, ஆகவே உறங்கச் செல்லும்போது அதனை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். அபூமூசா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் இன்னும் விரிவாக வருகிறது: இரவில் கதவை அடைக்க வேண்டும், பாத்திரங்களை மூட வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற காரணமும் உடன் சொல்லப்படுகிறது.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வரும் நிகழ்ச்சியையும் கேளுங்கள். நபியவர்கள் அமர்ந்திருந்த விரிப்பின் மீதே ஓர் எலி எரியும் திரியை இழுத்து வந்து போட்டுவிட்டது. ஒரு திர்ஹம் அளவுக்கு விரிப்பு கருகிப்போனது. அகிலத்தாரின் அருட்கொடையாக அனுப்பப்பட்டவர்களின் வீட்டிலேயே எலி புகுந்தது என்றால், நம் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

சகோதரர்களே! மதரஸாவில் ஓதிய காலத்திலிருந்து இந்த ஹதீஸை நான் அறிவேன். எத்தனையோ முறை பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அதன் பொருளை நான் உண்மையாக உணர்ந்தது ஒரு ரமளான் இரவில்தான். என் குறையைச் சொல்ல நான் வெட்கப்பட்டதுண்டு. உங்களுக்குப் பயன்படும் என்பதால் இன்று சொல்கிறேன்.

தராவீஹ் முடிந்து வீடு திரும்பியவன், தொண்டை கட்டியிருந்ததால் நானே சுக்குக் காப்பி போட்டுக் குடித்தேன். அடுப்பின் திருகை மட்டும் மூடினேன். சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடவில்லை. சஹர் நேரத்தில் முதலில் எழுந்தவனும் நானே. இருட்டில் சமையலறை வாசலில் நின்று விளக்குப் போடச் சுவிட்சை நோக்கிக் கை நீட்டிய கணம், பின்னால் என் தாயாரின் குரல் கேட்டது: "சுவிட்சைத் தொடாதேப்பா! கேஸ் வாடை வருது!"

நீட்டிய கை அப்படியே நின்றது. அடைபட்ட என் மூக்குக்கு எந்த வாடையும் தெரியவில்லை. கொல்லைக் கதவையும் சன்னல்களையும் திறந்து, சிலிண்டரை மூடி, பிள்ளைகளை எழுப்பித் தெருவில் நிறுத்தினோம். விடிந்து பார்த்தால், அடுப்புக்குப் பின்புறம் ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது.

கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் இது. நம் ஊரில் எலிக்கா பஞ்சம்? அன்று திரியை இழுத்த எலி இன்று கேஸ் குழாயைக் கடிக்கிறது. காலம் மாறியது, எலி மாறவில்லை, நபிமொழியின் தேவையும் மாறவில்லை. என் தாயார் எழுதப் படிக்க அறியாதவர். ஓலைக் கூரையின் கீழ் அரிக்கேன் விளக்குடன் குடும்பம் நடத்திய காலத்தில், அடுப்புத் தணலில் தண்ணீர் தெளிக்காமல் அவர் ஒரு நாளும் படுத்ததில்லை. அன்று அவர் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஊருக்குச் சொல்ற ஹதீஸு நம்ம வீட்டு அடுப்புக்கு இல்லையா?"

அந்தக் கேள்வியை உங்கள் முன்னும் வைக்கிறேன்.

முதலில் அடுப்பு. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே வாடையுள்ள ஒரு பொருளைக் கலந்து தருகிறார்கள். அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து தேங்கும். எனவே வாடை வந்தால் விளக்கு, விசிறி எதன் சுவிட்சையும் போடாதீர்கள். எரிந்து கொண்டிருப்பதை அணைக்கவும் செய்யாதீர்கள். போடும்போதும் அணைக்கும்போதும் சுவிட்சுக்குள் சிறு பொறி எழும். சிலிண்டரை மூடுங்கள், கதவு சன்னல்களைத் திறந்து விடுங்கள், எல்லோரையும் வெளியேற்றுங்கள். வெளியே வந்த பிறகே தொலைபேசியைத் தொடுங்கள். எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906, தீயணைப்புக்கு 101.

சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கட்டும். உள்ளே கம்பி வலை பொதிந்த, முத்திரை பெற்ற குழாயையே வாங்குங்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை அதனை மாற்றிவிடுங்கள். சிலிண்டரின் கழுத்துப் பகுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டின் இரண்டு இலக்கங்களும் இருக்கும். அது மறுசோதனைக்குரிய தவணை. ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர் முடிய. தவணை கடந்த சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

நோன்பு மாதத்தில் சமோசாவும் வடையும் பொரிக்கும் வீடுகள் நம்முடையவை. எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் எரியும் எண்ணெய் சிதறும். அடுப்பை மூடிவிட்டு, சட்டியைத் தட்டால் மூடி, ஆறும்வரை தொடாமல் விடுங்கள். உடலில் சுட்டுவிட்டால் குழாயடியில் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஓடவிடுங்கள். பற்பசையும் மாவும் மையும் பூசாதீர்கள்.

அடுப்பில் தொடங்கும் ஒரு பொறி எதுவரை போகும் என்பதைத் தமிழகம் கண்டிருக்கிறது. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிக்கூடச் சமையலறையில் எழுந்த தீ ஓலைக் கூரையைப் பற்றியது. 94 குழந்தைகள் மாண்டனர். அதற்கு முன் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் தங்கியிருந்த காப்பகம் எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி உயிரிழந்தனர். அதைக் கேட்டு நாம் பதறினோம். ஆனால் நம் வீட்டின் இரும்புக் கதவை இரவில் உட்புறம் பூட்டிச் சாவியை எங்கே வைக்கிறோம்? அது குடும்பத் தலைவருக்கு மட்டும் தெரிந்த இடமாக இருக்கலாகாது. நினைவு தடுமாறும் முதிய பெற்றோரைப் பாதுகாப்பு என்று எண்ணி அறைக்குள் வைத்து வெளியே தாழிடுகிறோமா? தீயும் புகையும் வந்தால் அந்தத் தாழ் பாதுகாப்பாகுமா? சாவிக்கு ஓர் ஆணி அடியுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் அது எட்டட்டும்.

அடுத்தது மின்சாரம். நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, ஊரப்பாக்கத்தில், 2022 நவம்பரில் நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டில் வந்து தங்கிய ஒரு குடும்பத்தில் மூவர் இறந்தனர். இரவில் குளிர்பதனப் பெட்டி வெடித்து, எழுந்த புகையில் மூச்சுத் திணறினார்கள் என்று செய்திகள் கூறின. வளைகுடா நாடுகளில் உழைத்து, விடுமுறையில் ஊர் திரும்பும் சகோதரர்கள் நம்மிடையே நிரம்ப உண்டு. பூட்டிய வீட்டைத் திறந்ததும் முதலில் காற்றோட்டம் வரட்டும். மின் பணியாளர் ஒருவர் பார்த்த பிறகு சாதனங்களை இயக்குங்கள். ஒரே பலகையில் பல இணைப்புகளைச் செருகுவதையும், தலையணைக்கு அடியில் கைபேசியை மின்னேற்றுவதையும் விட்டுவிடுங்கள்.

மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி கடைகளில் கிடைக்கிறது. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவு போதும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மகளின் திருமணத்திற்கு வாங்கும் ஒரு பட்டுச் சேலையின் விலை கூட அதற்கு இல்லை.

மூன்றாவது தண்ணீர். பாத்திரங்களை மூடச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, தரைத் தொட்டியின் மூடியைத் திறந்து போட்டிருக்கிறோம். தவழும் குழந்தைக்குக் கிணறு தேவையில்லை. குளியலறை வாளியில் உள்ள அரை வாளித் தண்ணீரே போதும். தலைகுப்புற விழுந்த குழந்தையால் தன்னைத் தூக்கிக்கொள்ள முடியாது, கத்தவும் முடியாது. வாளியைக் கவிழ்த்து வைக்க எத்தனை நொடி ஆகும்? 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது நாடே நாள் கணக்கில் துஆ செய்தது. குழந்தை உயிரோடு மீளவில்லை. பொதுவழியில் குழி தோண்டிவிட்டு, அதில் ஒருவர் விழுந்து இறந்தால் தோண்டியவர் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் சட்டம் வகுத்திருக்கின்றன. 'நான் தள்ளவில்லையே' என்ற சொல் அங்கே செல்லாது.

தடுப்புச் சுவர் இல்லாத மாடியில் உறங்குபவருக்குப் பாதுகாப்பின் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி உண்டு. கோடையில் மொட்டை மாடியில் பாய் விரிப்போர் இதனைக் கவனிக்கட்டும். மாடியின் கைப்பிடிச் சுவரைக் கட்டி முடித்துவிட்டு, முகப்புக்கு வண்ணம் பூசுங்கள்.

நான்காவது படுக்கை. படுக்கைக்குச் செல்பவர் அதனைத் தட்டிவிட்டுப் படுக்கட்டும், தாம் எழுந்து சென்ற பின் அதில் என்ன வந்தது என்பதை அவர் அறியமாட்டார் என்ற கருத்தில் நபியவர்கள் கூறியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நம் பகுதியில் இதன் பொருள் கண்கூடு. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் உறங்குவோரின் படுக்கைக்குள் அது வருகிறது. கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாது. விடியும் முன் மூச்சு அடங்கிவிடும். பாயை உதறுங்கள். கொசுவலையைக் கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். விறகையும் பழைய ஓட்டையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். எலி அங்கே குடியேறும், எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

கடித்துவிட்டால் கட்டுப் போட்டு இறுக்குவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். ஓதிப் பார்க்கிறோம் என்று நேரத்தைப் போக்கவும் வேண்டாம். வண்டியில் செல்லும்போதே ஓதலாம், தடையில்லை. 108க்கு அழைத்துச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். விஷமுறிவு மருந்து செய்வதற்கான நஞ்சை, மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகிறார்கள். அல்லாஹ் மருந்தை நம் வாசலிலேயே வைத்திருக்கிறான்.

சகோதரர்களே! இவ்வளவும் கேட்ட பிறகு ஒருவர் சொல்வார்: "ஹஜ்ரத், விதி இருந்தால் எப்படியும் நடக்கும்." ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்ப முடிவெடுத்தபோது, இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கி ஓடுகிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ரெகுலேட்டரை மூடும் கையும் அவன் விதித்ததுதான்.

இன்னொருவர் சொல்வார்: "தீயில் இறந்தவரும் நீரில் மூழ்கி இறந்தவரும் ஷஹீத் அல்லவா?" உண்மை, நபிமொழியில் வந்துள்ளது. ஆனால் அந்தப் பதவி இறந்தவருக்குரியது. மூடியைத் திறந்து போட்டவருக்குரியது அன்று. நம்மில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர். தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார். உங்கள் கரங்களாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கட்டளையும் (2:195) நம் முன் இருக்கிறது.

ஆகவே, இன்று இரவு இஷாவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பெண்களின் வேலை என்று ஒதுங்காமல் ஆண்களே எழுந்து செல்லுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கொசுவர்த்தியைத் திரைச்சீலையிலிருந்து தள்ளி வையுங்கள். வாளியைக் கவிழுங்கள். தொட்டியை மூடுங்கள். தண்ணீர்ப் புட்டியில் ஆசிட்டோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைத்திருந்தால் அப்புறப்படுத்துங்கள். சாவி ஆணியில் இருக்கிறதா என்று பாருங்கள். பாயை உதறி, பிஸ்மில்லாஹ் சொல்லிப் படுங்கள். பக்கத்து வீட்டில் முதியவர் தனியாக இருந்தால், அவர் வீட்டு அடுப்பையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பெயர்தான் தவக்குல்.

இப்போது என் வீட்டில் ரெகுலேட்டரை மூடுவது என் பொறுப்பு. மூடிவிட்டு வந்து தாயாரிடம் சொல்வேன். அவர் ஒவ்வோர் இரவும், "பார்த்தியா?" என்று மறுபடியும் கேட்பார். நானும் மறுபடியும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

நம் இல்லங்களையும், அவற்றில் உறங்கும் குழந்தைகளையும் முதியோரையும், அண்டை அயலாரையும் அல்லாஹ் தீயிலிருந்தும் நீரிலிருந்தும் நஞ்சிலிருந்தும் பாதுகாப்பானாக! காக்கும் கடமையில் கவனக்குறைவாக இருந்த நம் பிழைகளைப் பொறுப்பானாக! ஆமீன்.