கம்பி வேண்டுமா, வேண்டாமா?

(கிழக்கேகோட்டை படிப்பு வட்டத்தில் பேசியது)



2002-ல் கேரளத்தில் அக்ஷயா திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு ஒருவராவது கம்ப்யூட்டர் பழக வேண்டும் என்பது அதன் நோக்கம். நாமும் பழகுகிறோம். இப்போது நம் வட்டத்துக்குப் புதிய கீபோர்டும் மவுஸும் வாங்க வேண்டும். கம்பி உள்ளதா, இல்லாததா? பணம் நம் எல்லாருடைய பணம். தெரிந்து வாங்குவோம்.

கீபோர்டில் எழுத்தைத் தட்டுகிறோம். அது கம்ப்யூட்டருக்கு எப்படிப் போகிறது? ஒன்று, கம்பி வழியாக. இல்லையென்றால், காற்றில் ரேடியோ அலையாக. அலையை வாங்க, விரல்நகம் அளவுள்ள ரிசீவரைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் செருக வேண்டும்.

கம்பி இல்லாததால் என்ன நன்மை?

மேசையில் சிக்கல் இல்லை. கால் தடுக்காது. கீபோர்டை மடியில் வைத்தும் தட்டலாம். எட்ட உட்கார்ந்தும் தட்டலாம்.

தொல்லை என்ன?

முதலில் பேட்டரி. கம்பி உள்ளது கம்ப்யூட்டரில் இருந்தே மின்சாரம் எடுக்கும். கம்பி இல்லாததற்குப் பேட்டரி வேண்டும். விண்ணப்பம் பாதி எழுதும்போது பேட்டரி தீர்ந்தால்? சாலைக் கடைத்தெருவுக்கு ஓட வேண்டும். தீர்ந்த பேட்டரியை நெருப்பில் போடக் கூடாது. வெடிக்கும்.

இரண்டாவது, ரிசீவர். பலர் கை மாறும் இடத்தில் சின்னப் பொருள் எளிதில் தொலையும். அது தொலைந்தால் பெரும்பாலும் கீபோர்டும் வீண். விலையும் கூடுதல்.

மூன்றாவது, பாதுகாப்பு. ஆதார் எண், பேங்க் ரகசிய எண் எல்லாம் தட்டுகிறோம். அவை காற்றில் போகின்றன. 2016-ல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். விலை குறைந்த சில கீபோர்டுகள் எழுத்தை மறைக்காமல் அப்படியே அனுப்பின. தூரத்தில் இருப்பவரும் அதைப் படிக்க முடிந்தது. எல்லாக் கீபோர்டும் அப்படி அல்ல. நல்லவை எழுத்தைப் பூட்டி அனுப்பும். வாங்கும்போது கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது?

வீட்டில் ஒருவர் மட்டும் புழங்கினால் கம்பி இல்லாதது வசதி. முதுகுவலி உள்ளவர் சாய்ந்து உட்கார்ந்து தட்டலாம். நம் வட்டத்தில் ஒரே மேசை. பல கைகள். கம்பி பொதுவாக ஒன்றரை மீட்டர் இருக்கும். மேசையைச் சுற்றி உட்கார அது போதும். எனவே கம்பி உள்ளதே நமக்கு நல்லது என்பது என் கருத்து. மிச்சப் பணத்தில் பேப்பர் வாங்கலாம்.

இது என் கருத்து மட்டுமே. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? எல்லாரும் பேசுங்கள். கூடி முடிவெடுப்போம்.