மானுக்கு எதைப் பயிரிடுவது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், தீவனப்பயிர்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் வாட்ஸ்அப் குழுவில் கடந்த ஒரு மாதமாக இரண்டு யோசனைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலாவது, எல்லா வீட்டிலும் மிஞ்சும் காய்கறி, சாதம், சப்பாத்தியைச் சேகரித்து, பின்மதிலுக்கு அப்பால் வரும் மான்களுக்குப் போடலாம் என்பது. இரண்டாவது, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் 2 சென்ட் இடத்தில் மான்களுக்கென்று தீவனம் வளர்க்கலாம் என்பது. "நீங்கள்தான் தீவனப்பயிர் ஆள், என்ன போடலாம் சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பயிர்களைச் சொல்கிறேன். அதற்கு முன் மானின் வயிற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வயிறுதான் முதல் பாடம்

புள்ளிமான் அசைபோடும் விலங்கு. மாடு, ஆட்டைப் போல அதன் வயிறும் நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மான் தின்னும் புல்லைச் செரிப்பது பெரும்பாலும் அவைதான். புல்லுக்குப் பழகிய அந்த நுண்ணுயிர்கள் புதிய தீவனத்துக்கு மாற இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும்.

திடீரென்று ஒரு பாத்திரம் சாதமோ ரொட்டியோ உள்ளே போனால், மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலமாகிறது. வயிறு உப்பும், மான் தீனியை விடும், அளவு மீறினால் செத்தும் போகும். பொங்கலன்று ஆசையாக மாட்டுக்குப் பொங்கலை அள்ளி ஊட்டிவிட்டு, மறுநாள் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுவது கிராமத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த கதை. மாட்டுக்காவது மருத்துவர் வருவார். புதருக்குள் படுத்துவிட்ட மானை யார் பார்ப்பது?

வெளிநாட்டில் செய்கிறார்களே?

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் சிலர் இதைக் கேட்டார்கள். உண்மைதான். அங்கே நிலம் வைத்திருப்பவர்கள் வெண்வால் மான்களுக்கென்றே குளோவர், சிக்கரி, ஓட்ஸ், தட்டைப்பயறு, டர்னிப் எல்லாம் விதைக்கிறார்கள். மண் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் சுண்ணாம்பு இட்டு, எந்த மாதத்தில் காட்டில் தீனி குறைகிறதோ அந்த மாதத்துக்கு விளையும்படி பயிரைத் தேர்வு செய்கிறார்கள். இந்த ஒழுங்கை நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் அதில் பெரும்பகுதி வேட்டைக்காரர்கள் செய்வது. மானைத் தங்கள் நிலத்துக்கு வரவழைப்பதுதான் நோக்கம். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். மான் நம் மதிலோரம், சாலையோரம், தெருநாய்கள் திரியும் இடத்துக்கு வரக்கூடாது. இன்னொன்று, மான்களின் மூளையை அழிக்கும் தொற்றுநோய் ஒன்று அங்கே பரவிவருகிறது. ஒரே இடத்தில் தீனியைக் கொட்டினால் மான்கள் கூடி நோய் பரவும் என்பதால், அதைப் பல மாநிலங்களில் தடையே செய்திருக்கிறார்கள்.

நம் மண்ணுக்கு ஏற்ற பயிர்கள்

கிண்டி தேசியப் பூங்கா ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். பக்கத்திலுள்ள ஆளுநர் மாளிகையும் ஐ.ஐ.டி. வளாகமும் ஒரு காலத்தில் அதே காட்டின் பகுதிகள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் அங்கே புல் தாராளமாக இருக்கும். மார்ச்சுக்குப் பிறகு காய்ந்துவிடும். ஆகவே பயிர் தேடுபவர் ஏப்ரல், மே மாதங்களை மனத்தில் வைத்துத்தான் தேட வேண்டும்.

என் முதல் தேர்வு கொழுக்கட்டைப் புல். வேர் ஆழமாகப் போகும், வறட்சியைத் தாங்கும், ஒரு முறை பிடித்துவிட்டால் பல ஆண்டு நிற்கும். புதிதாக அறுத்த விதை சரியாக முளைக்காது. சில மாதங்கள் ஆறிய விதையாகப் பார்த்து வாங்க வேண்டும். அடுத்தது நம் அருகம்புல். குட்டையாக, மென்மையாக, மான் மேய்வதற்கென்றே வளர்வது போல வளரும்.

புல் மட்டும் போதாது, புரதத்துக்குப் பயறு வகையும் வேண்டும். மானாவாரிக்கு முயல்மசால், தண்ணீர் வசதி இருந்தால் வேலிமசால். இரண்டின் விதைக்கும் தோல் கடினம். கொதி தணிந்த வெந்நீரில் சில நிமிடங்கள் போட்டு எடுத்து, இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, ரைசோபியம் கலந்து விதைத்தால் நன்றாக முளைக்கும். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறு வகை என்பது நல்ல கணக்கு. குதிரைமசால் சத்தானதுதான், ஆனால் ஈரத்தோடு அதையே தனியாகப் போட்டால் வயிறு உப்பும்.

மரங்களில் நாவல், ஆல், அத்தி, நெல்லி. உதிர்ந்த பழங்களைப் புள்ளிமான் விரும்பித் தின்னும். முதுமலைக் காட்டில் நெல்லி விதையைப் பரப்புவதில் புள்ளிமானுக்குப் பெரிய பங்கு உண்டு. பழத்தைத் தின்றுவிட்டு, அசைபோடும்போது விதையைத் துப்பிவிடும்.

கிண்டியில் வெளிமானும் இருக்கிறது, முறுக்கிய கொம்போடு கறுப்பும் வெள்ளையுமாக இருக்குமே, அது. அதற்கு வேண்டியது குட்டைப் புல் நிறைந்த திறந்த வெளி. மரங்களும் புதர்களும் அடர்ந்தால் வெளிமான் குறையும். "காலி இடமெல்லாம் மரம் நடுவோம்" என்பது எல்லா உயிருக்கும் நன்மை ஆகாது.

போடவே கூடாதவை

இளம் சோளப்பயிரில் நஞ்சு உண்டு. தண்ணீர் இல்லாமல் வாடிய பயிரில் அது இன்னும் அதிகம். விவசாயிகள் பூ வந்த பிறகே அதை மாட்டுக்கு அறுப்பார்கள். சூபாபுல் தழையை மட்டுமே தொடர்ந்து கொடுத்தாலும் கேடுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நம் தோட்டக் கழிவு. நம் வாசலில் அழகுக்கு வைத்திருக்கும் அரளியின் இலை, தண்டு, பூ எல்லாமே விஷம், காய்ந்தாலும் விஷம். கிளைகளை வெட்டி மதிலுக்கு அப்பால் எறிவதை இன்றோடு நிறுத்த வேண்டும். புல்தரை வெட்டிய குவியலும் அப்படித்தான். அது சூடேறிப் புளிக்கும், மருந்து தெளித்திருந்தால் அதுவும் சேரும்.

காய்கறிக் கழிவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்தால், உப்பு ருசிக்காக மான் பையையும் சேர்த்து விழுங்குகிறது. அது செரிக்காது, வெளியேயும் போகாது. வயிறு நிறைந்தது போலவே இருக்கும், மான் பட்டினியால் சாகும். இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் கண்டெடுக்கப்பட்டதை நாம் செய்திகளில் படித்திருக்கிறோம்.

2 சென்ட் கணக்கு

50 கிலோ எடையுள்ள ஒரு மான் நாளுக்கு 5 முதல் 7 கிலோ பசும்புல் தின்னும். அதிக விளைச்சல் தரும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை, நீரும் உரமும் குறையாமல் வளர்த்தால், ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 150 டன் கிடைக்கும். அப்படியானால் நம் 2 சென்ட்டுக்கு 3 டன், அதாவது நாளுக்கு 8 கிலோ. ஒரு மானுக்கு ஆகும், இரண்டு மானுக்குப் போதாது. கொழுக்கட்டைப் புல் என்றால் இதைவிடக் குறைவு.

ஆகவே நாம் மான்களுக்குச் சோறு போடுகிறோம் என்ற நினைப்பு வேண்டாம். அவற்றுக்குச் சோறு போடுவது அந்தக் காடும் அதன் புல்வெளியும்தான். நம்மால் முடிந்தது அதைக் கெடுக்காமல் இருப்பது. மான் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு. அதற்கு எதை, எப்போது கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியது வனத்துறை.

என் யோசனை இதுதான். ஒன்று, மதிலுக்கு அப்பால் எதையும் எறிவதில்லை என்று சங்கம் இன்றே தீர்மானம் போடட்டும். வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் தோட்டக்காரருக்கும் நாமே எடுத்துச் சொல்வோம். இரண்டு, பின்மதிலோரம் உள்ள குப்பைத் தொட்டிகளை மூடியுள்ளதாக மாற்றி முன்பக்கம் கொண்டுவருவோம். மூன்று, அந்த 2 சென்ட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வேலிமசாலும் போடலாம், நானே கூட நின்று செய்து தருகிறேன். கோடையில் பசுந்தீவனம் தேவையா என்று வனத்துறைக்குக் கடிதம் எழுதுவோம். வேண்டும் என்றால் அவர்கள் கையில் கொடுப்போம். வேண்டாம் என்றால் நமக்குப் பால் ஊற்றுபவரின் மாடுகள் தின்னட்டும்.

பிள்ளைகளுக்கு மானைக் காட்ட வேண்டும் என்றால் மாடியில் நின்று காட்டுங்கள். சாப்பாட்டைக் காட்டிக் கூப்பிட வேண்டாம். மனிதரைக் கண்டால் ஓடுகிற மான்தான் பிழைத்திருக்கும்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.