நபி சாமுவேல்: தோண்டி எடுத்ததும் தூக்கி எறிந்ததும்

கொடுத்திருக்கிற பத்து நிமிடத்தில் ஒரே ஒரு குன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஜெருசலேமுக்கு வடமேற்கே, ஆக்கிரமிக்கப்பட்ட மேற்குக் கரையில், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது நபி சாமுவேல். சாமுவேல் தீர்க்கதரிசியின் சமாதி என்று மூன்று மதத்தாரும் தேடி வந்த இடம். 1099இல் சிலுவைப் போர்ப் படையினர் ஜெருசலேமை முதலில் கண்டது இங்கிருந்துதான் என்பார்கள். 'மகிழ்ச்சியின் மலை' என்று பெயரும் வைத்தார்கள். அவர்கள் எழுப்பிய தேவாலயத்தின் இடத்தில் பின்பு மசூதி வந்தது. 1917இல் பிரிட்டிஷ் படைக்கும் துருக்கியப் படைக்கும் நடந்த சண்டையில் அந்த மசூதியும் சிதைந்தது. அந்தப் பிரிட்டிஷ் படையில் இந்தியப் பட்டாலியன்களும் இருந்தன. எங்கோ இருக்கும் மலை, நமக்கென்ன என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

மசூதியை ஒட்டி ஒரு பாலஸ்தீன ஊர் இருந்தது. 1967 போரில் குன்று இஸ்ரேல் கைக்குப் போனது. 1971இல் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். எஞ்சியிருந்த குடும்பங்களைச் சில நூறு மீட்டர் தள்ளிக் குடியேற்றினார்கள். 1990களில் அகழாய்வு தொடங்கியது. 1995இல் அந்த இடம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கிரேக்க ஆட்சிக் காலத்துக் குடியிருப்பு, சிலுவைப் போர்க் காலக் கோட்டை எல்லாம் வெளியே வந்தன. உண்மையிலேயே அரிய கண்டுபிடிப்புகள், அதை மறுக்கவில்லை.

அகழாய்வில் மேலடுக்கை அகற்றாமல் கீழடுக்குக்குப் போக முடியாது. அது தொழில்முறை. ஆனால் இங்கே மேலடுக்கை அகற்றியது தொல்லியலாளரின் கரண்டி இல்லை, புல்டோசர். அந்த அடுக்கின் மனிதர்கள் இன்னும் கண்ணெதிரே வாழ்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சுவர் வரலாறு, பாட்டி கோலோச்சிய அடுப்படி வெறும் இடிபாடு என்று பிரித்தது யார்? சேரியை அகற்றிவிட்டு ஊர் வரலாறு எழுதும் பழக்கத்தைப் பார்த்த நமக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. நம்மிடமும் ஒரு பலவீனம் உண்டு. 'நாங்களே பூர்வகுடி' என்று பழமையைக் காட்டியே உரிமை கேட்கிறோம். முந்நூறு ஆண்டு முன்பு வந்தவனுக்கு வீடு வேண்டாமா?

இன்று அங்கே கூடுதலாக ஓர் அறை கட்டினாலும் இடிப்பு ஆணை வரலாம். ஊர்க்காரர்கள் வைத்திருப்பது மேற்குக் கரை அடையாள அட்டை, அதனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஜெருசலேமுக்குள் போக முடியாது. பிரிப்புச் சுவரோ அவர்களை மேற்குக் கரையிலிருந்தும் துண்டித்து, ஜெருசலேம் பக்கமே நிறுத்தியிருக்கிறது. பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போகவும் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும்.