மலைக்கு வரும் பணம் யார் கையில் தங்குகிறது?

(தொழிலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஊட்டி என்றால் காசுள்ளவன் இளைப்பாறும் இடம். ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நிறைய இருக்கிறது. சுற்றுலாவும் ஒரு தொழில். தொழில் என்றால் அங்கே உழைப்பவன் உண்டு; அவன் உழைப்பில் லாபம் குவிப்பவனும் உண்டு.

மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும், ஊட்டிக்கு 1908-லும் அது ஓடத் தொடங்கியது. வெள்ளைக்காரத் துரைமார் சொகுசாக ஏறிச் செல்ல, நம் நாட்டு உழைப்பாளி பாறையைக் குடைந்தான். 2005-ல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. இன்று அதைக் காணவே வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். அதன் நீராவி எஞ்சின்களில் சில திருச்சி பொன்மலைப் பணிமனையில் உருவானவை. ஆம், 1946-ல் துப்பாக்கிக் குண்டுகளுக்கு மார்பு காட்டிய அதே பொன்மலை!

சுற்றுலாவால் வட்டாரம் பிழைக்கிறது என்பது உண்மைதான். ஒரு குடும்பம் இரண்டு நாள் தங்கினால் அதன் பணம் எங்கெல்லாம் போகிறது? டிரைவருக்கு, அறை துடைக்கும் பெண்ணுக்கு, துணி வெளுப்பவருக்கு, அடுப்படியில் வர்க்கி சுடுபவருக்கு, கேத்திப் பள்ளத்தாக்கில் காரட் பிடுங்கும் கூலிக்காரருக்கு. தேயிலைக் கொழுந்துக்குக் கட்டுப்படியாகும் விலையின்றிச் சிறு விவசாயி திண்டாடுகிறான். 1967-ல் உற்பத்தி தொடங்கி, பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட அரசாங்க ஃபிலிம் தொழிற்சாலை இன்று மூடிக் கிடக்கிறது. ஆகவே சுற்றுலாவை நம்பும் வயிறுகள் பெருகிவிட்டன. 2020-ல் ஊரடங்கு வந்து விடுதிகள் பூட்டப்பட்டபோது, அந்த வயிறுகள் பட்ட பாட்டை நாம் கண்டோம்.

ஆனால் மலைக்கு வரும் பணமெல்லாம் மலையில் தங்குகிறதா? பெரிய விடுதியின் முதலாளி வேறு நகரத்தில் இருந்தால், லாபம் அன்றே மலையிறங்கிவிடும். மலையில் தங்குவது எது? தொழிலாளியின் கூலி! அறைப் பையன் சம்பளம் வாங்கினால் உள்ளூர்க் கடையில் அரிசி வாங்குவான், பிள்ளைக்குச் சட்டை எடுப்பான். அந்தச் சட்டைத் துணியை நெய்பவன் ஆலைத் தொழிலாளி. அந்த அரிசியை விளைவிப்பவன் விவசாயத் தொழிலாளி. அவன் கூலி குறைந்தால் கடைக்காரனுக்கும் வியாபாரம் இல்லை, நமக்கும் வேலை இல்லை. மாவட்டத்தின் வளர்ச்சியை அறைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது முதலாளியின் கணக்கு. கூலியைக் கொண்டு அளப்பதே நம் கணக்கு.

கூலி ஏன் குறைகிறது? ஏப்ரல், மே மாதங்களில் ஒரு ஸீசன். செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. கூட்டம் இருக்கும்வரை இரவு பகல் பாராத வேலை. கூட்டம் குறைந்ததும் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்புவது! 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நாள் கணக்கு நிறையாதபடி நடுவில் நிறுத்திவிடுவது முதலாளிகளின் பழைய தந்திரம். ஆலையில் பதிலித் தொழிலாளியாக நின்றவர்களுக்கு இது தெரியாததா?

இன்னொன்று. மலை தாங்கினால்தான் சுற்றுலாவும் உண்டு. 2009 நவம்பர் மண்சரிவு நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2024 மே மாதம் முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நெரிசலைக் குறைப்பது நியாயமே. ஆனால் அதன் சுமை ஜீப் டிரைவர் தலையிலும் நடைபாதை வியாபாரி தலையிலும் மட்டும் விழக்கூடாது. சரிவுகளை வெட்டி மாடி எழுப்பியவன் அவனல்லவே! மலைக்கு அரசு பஸ்களைக் கூட்டினால் நெரிசலும் குறையும். ஏழையும் மலையைப் பார்ப்பான்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். விடுதித் தொழிலாளிக்கு நிரந்தர வேலை, வாழ்வதற்கேற்ற கூலி, ஸீசன் இல்லாத மாதங்களுக்கு நிவாரணம். இவை தானாக வந்து சேரா. விடுதியில் வேலை செய்வோர் சிதறிக் கிடக்கிறார்கள். ஓரிடத்தில் ஐந்து பேர், மற்றோரிடத்தில் பத்துப் பேர். ஆலை வாசலில் கொடியேற்றிப் பழகிய நாம் அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும். சங்கம் சேர்ப்போம்! மலையிலும் சமவெளியிலும் உழைப்பவர் கை ஒன்றுபடட்டும்!