பின்மதில் ஓரத்துக் காந்தள்

(குடியரசு தினத்தன்று நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)

பேங்க் கவுண்டரில் நோட்டு எண்ணியே ரிடையர் ஆனவன், இன்று பூவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். செயலாளர் ஐந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். ஓவர் டிராஃப்ட் கேட்க மாட்டேன்.

2018-இல் நீலக்குறிஞ்சி பார்க்க நானும் வீட்டம்மாவும் கொடைக்கானல் போனோம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது, அடுத்து 2030. மனசில்லாமல்தான் மலை இறங்கினோம்.

போன கார்த்திகையில் நம் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால், மதில் ஓரப் புதரில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கிட்டப் போனால் செங்காந்தள்! நம் மாநில மலர். ஆறு இதழும் நெருப்பு மாதிரி மேல்நோக்கி வளைந்து நிற்கும். மொட்டு விரியும்போது பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் சிவப்பு. இலையின் நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஏறும். டைரியில் தேதி போட்டு எழுதினேன்: பதினொரு பூ. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கிளுவை வேலிகளில் இதைக் கார்த்திகைப் பூ என்போம். வேலி போய் காம்பவுண்டு சுவர் வந்தது, பூவும் போனது.

இப்போது போய்ப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கொடி காய்ந்துவிட்டது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கிறது, மழைக்குத்தான் முளைக்கும். அந்த இடத்தைத்தான் பார்க்கிங்குக்காக ஜே.சி.பி. விட்டுச் சமப்படுத்தப் போவதாகச் சர்க்குலர் வந்திருக்கிறது.

சி பிளாக் அம்மா ஒருவர், "அது விஷமாச்சே சார், குழந்தைங்க ஓடுற இடம்" என்றார். நியாயமான பேச்சு, மறைக்க மாட்டேன். செடி முழுக்க விஷம். கிழங்கு தின்றால் உயிருக்கே ஆபத்து. அதில் உள்ள கொல்சிசினை அளவாகப் பிரித்துத்தான் கீல்வாதத்துக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். ஆனால் நம் கேட்டில் வரிசையாக வைத்திருக்கிறோமே அரளி, அதுவும் விஷம்தான். குழந்தைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறோம், யாரும் வாயில் வைத்ததில்லை. இதற்குக் கம்பிவலை அடித்து ஒரு போர்டும் மாட்டலாம். செலவு என்னுடையது.

நான் கேட்பது ஒரு கார் நிற்கும் இடம். புதிய பார்க்கிங்கில் எனக்கு ஒதுக்கியதை அதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது ஸ்கூட்டர், அது மாடிப்படிக்குக் கீழேயே நிற்கும்.

கிழங்கு இருக்கும் இடத்தைச் சுற்றி நாலு செங்கல் வைத்துச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். முடிவு எதுவானாலும், வேலை ஆரம்பிப்பதற்கு முதல் நாள் எனக்கு ஒரு போன் போடுங்கள்.