கறவை மாடும் மடிநோயும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் விழா மேடையில் மாட்டின் மடியைப் பற்றிப் பேசுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே நம் துணிபு. நம் தெருக்களில் பல இல்லங்களின் பள்ளிச் செலவு பால் பணத்திலிருந்தே வருகிறது. அப்பணம் நின்றால் முதலில் நிற்பது பெண்பிள்ளையின் படிப்பு என்பதை, வருகைப் பதிவேட்டைப் புரட்டுவோர் அறிவர். காரணம் கேட்டால், "காம்பு அடைத்துப் போயிற்று, ஐயா" என்னும் விடையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அவ்வடைப்பு யாது, எங்கிருந்து வருகிறது என்பதைக் காண்போம்.

பண்ணைகளில் சாணம் அள்ளியும் புல்லறுத்துப் போட்டும் தலைமுறைதோறும் உழைத்தவர் நம் முன்னோர். மாட்டின் நோவை அறிந்தவர் அவர். பாலோ பிறர் வீட்டிற்குச் சென்றது. 1974ஆம் ஆண்டு தாட்கோ தொடங்கப்பெற்ற பின்னர்க் கறவை மாட்டுக் கடன் நம் தெருவுக்கும் வந்தது. பசு நம்முடையதாயிற்று, கடனும் நம்முடையதாயிற்று. ஒரு காம்பு கெட்டதற்காகத் தவணையில் கால் பங்கைத் தள்ளுபடி செய்யும் வங்கி இல்லை. சந்தையில் வாங்க வருபவனோ காம்பைப் பிடித்துப் பார்த்த பின்னரே விலை பேசுகிறான்.

பசுவின் மடி வெளியே ஒன்றாகத் தோன்றினும், உள்ளே தனித்தனியான நான்கு பாகங்களாலானது. ஒவ்வொன்றிற்கும் காம்பு நுனியில் ஒரு சிறு துளை. நோய்க்கிருமிகள் பெரும்பாலும் இத்துளை வழியாகவே நுழைகின்றன. அவை இரு வகையாக வருவதைப் பிரித்தறிதல் வேண்டும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே போன்றவை நோயுற்ற மடியிலேயே தங்கி, கறப்பவர் கையாலும் துடைக்கும் துணியாலும் அடுத்த பசுவைச் சேர்கின்றன. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை சாணத்திலும் சேற்றிலும் ஈரப் படுக்கையிலும் காத்திருந்து, பசு படுக்கும்போது ஏறுகின்றன. முன்னதற்குக் கை கழுவுதல் மருந்து; பின்னதற்குத் தரை உலர்ந்திருத்தல் மருந்து.

மடி வீங்கிக் கல்லாகி, பாலில் திரியும் இரத்தமும் கண்டால் எவரும் நோயென அறிவர். அறியப்படாமல் இருப்பதே பெருங்கேடு. மறைந்த மடிநோயில் மடி மெத்தென்றே இருக்கும். பாலும் வெண்மையாகவே இருக்கும். கறவை மட்டும் சிறிது சிறிதாகக் குறையும். தீவனம் போதவில்லை என்றும், கண்ணேறு பட்டது என்றும் நாம் காரணம் தேடிக்கொண்டிருப்போம். நோயற்ற மடியின் பாலில் மில்லி லிட்டருக்கு 2 லட்சத்திற்குக் குறைவாகவே உடற்செல்கள் காணப்படும். கிருமி புகுந்தால் அதனோடு போரிட வரும் வெள்ளணுக்களால் இவ்வெண்ணிக்கை பன்மடங்காகிறது. பாற்சர்க்கரை குறைந்து உப்பு மிகுவதால் பால் சற்றுக் கரிக்கவும் கூடும்.

இதனைக் கண்டறியும் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை 1957இல் வெளிவந்தது. அதன் அடிப்படையை நம் ஒன்பதாம் வகுப்பு மாணவரும் செய்து காட்டுவர். 100 மில்லி நீரில் 3 கிராம் துணி சலவைத்தூளைக் கரைத்து, அதனையும் பாலையும் சம அளவில் தட்டில் ஊற்றிச் சுழற்றுக. நல்ல பால் நீர்போல ஓடும். நோயுற்ற காம்பின் பால் கூழாகக் கட்டும். சலவைத்தூள் செல்களைச் சிதைக்க, அவற்றுள்ளிருக்கும் மரபுப்பொருள் வெளிப்பட்டுப் பசையாகிறது. நான்கு காம்பிற்கும் தனித்தனியே பார்த்தல் வேண்டும். ஈன்ற முதல் வாரத்திலும் கறவை வற்றும் தருவாயிலும் நல்ல மடிப்பாலும் கட்டக்கூடும். அப்போது இதனைக் கொண்டு முடிவு கட்டலாகாது. சோதித்த பாலை மறவாது கொட்டிவிடுக.

1960களில் இங்கிலாந்தில், ரெடிங் நகரருகே இருந்த தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஐந்து வழிகளை வகுத்தனர்: கறந்த பின் காம்பை மருந்தில் நனைத்தல், கறவை வற்றும்போது மடிக்குள் மருந்து செலுத்துதல், நோயைக் கண்டவுடன் சிகிச்சையளித்துக் குறித்து வைத்தல், கறவைப் பொறியைச் சீராக வைத்தல், தீராத நோயுள்ள மாட்டை மந்தையிலிருந்து நீக்குதல். நூறு மாடு உள்ளவன் ஒன்றை நீக்குவான். ஒரே மாடு உள்ளவன் எதனை நீக்குவான்? நீக்குவதாக எண்ணி அடுத்த ஊர்ச் சந்தையில் விற்றால், நம்மைப் போன்ற மற்றோர் ஏழையின் கொட்டிலுக்கே அந்நோய் போகிறது. ஆதலின் வருமுன் காத்தலே நம் வழி.

கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் தனித்துணியால் ஈரம் போகத் துடைத்தல் வேண்டும். முதல் இரண்டு மூன்று பீச்சுகளைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சித் திரி உண்டா எனக் காண்க. தரையில் பீச்சுதல் கிருமியை விதைப்பதாகும். கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி. அது காம்பின் உட்புறத்தைப் புண்ணாக்கும். முழுக்கையால் பிடித்துக் கறப்பதே நன்று. விரலைப் பாலில் தோய்த்துக்கொள்வதும் தகாது. நல்ல மாட்டை முதலிலும் நோயுற்றதை இறுதியிலும் கறக்க. கறந்தபின் காம்புத் துளை மூட அரைமணி நேரம் போலாகும். அதுவரை பசு படுக்காதிருக்கப் பசுந்தீவனம் போட்டு வைத்தல் எளிய உபாயம்.

"சுத்தமாக இருங்கள்" என்று அறிவுரை கூறிவிட்டுச் செல்வது எவர்க்கும் எளிது. நம் குடியிருப்புகள் பல, ஊரின் தாழ்ந்த நிலத்தில், மழைநீர் வடியாத பள்ளத்தில் அமைந்திருப்பது நாம் விரும்பித் தேர்ந்ததன்று. சேற்றில் படுத்தெழும் பசுவின் மடிக்கு எத்தனை மருந்திட்டாலும் கிருமி மீண்டும் ஏறும். வடிகாலும் தளமிட்ட கொட்டிலும் கேட்பது சலுகை கேட்பதாகாது. மாட்டுக்குக் கடன் கொடுத்தோர் அதற்கு நிற்க இடமும் எண்ணியிருத்தல் வேண்டும். அது கிட்டும்வரை மண் தரையைச் சரிவாக மேடாக்கிச் சாணத்தை அன்றாடம் அகற்றுவோம்.

இங்கே மற்றொன்றும் கூற வேண்டியுள்ளது. நம் தெருப்பால் என்றாலே முகம் சுளித்த ஊர்கள் உண்டு. அவர்கள் பேசிய தீட்டு எந்த நுண்ணோக்கியிலும் தெரிவதில்லை. கிருமி தெரியும், அது எந்தத் தெருவின் மாட்டையும் பற்றும். பால் திரும்பி வந்தால் தெருவைச் சொல்ல விடாதீர்கள். எந்த மாடு, எந்தக் காம்பு எனச் சோதித்துக் காட்டுமாறு கேளுங்கள்.

நோய் கண்டால் அன்றே கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். கடையில் ஊசி மருந்து வாங்கி அரைகுறையாகச் செலுத்தினால் மருந்துக்கு அஞ்சாத கிருமியே வளரும். மருத்துவர் விலக்கச் சொன்ன நாள்களில் அப்பாலைச் சங்கத்துக்கும் ஊற்றலாகாது, பிள்ளைக்கும் கொடுத்தலாகாது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்துப் பாலைப் பீச்சிய மடியில் நாளுக்குப் பத்துமுறை பூசும் முறையைக் கால்நடைத் துறையினரும் பரிந்துரைக்கின்றனர். அதுவும் மருத்துவரிடம் காட்டிய பின்னரே. கோமாரி நோயில் காம்பில் புண் கண்டு மடிநோய் தொடர்வதுண்டு. ஆதலின் தடுப்பூசி முகாம் நாளில் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடாதீர்கள். ஈனுவதற்கு ஏறத்தாழ 60 நாள் முன்னர்க் கறவையை நிறுத்தி, அப்போது மடிக்குள் இடவேண்டிய மருந்து பற்றியும் மருத்துவரைக் கேட்க.

இவற்றையெல்லாம் நினைவில் வைத்தல் அரிது. வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று இருக்கிறதே, அதனிடம் ஓர் ஏட்டைக் கொடுங்கள். பக்கத்திற்கு நான்கு கட்டம், காம்புக்கு ஒன்று. ஈன்ற நாள், திரி கண்ட நாள், மருந்திட்ட நாள், பால் விலக்கிய நாள் ஆகியவற்றை அதில் குறித்து வரட்டும். கோடு போட்ட ஏடுகள் வாயிலருகே உள்ளன. மாடு வைத்திருப்போர் ஆளுக்கொன்று பெற்றுச் செல்லுமாறு வேண்டுகிறோம்.