கும்மிக்கு மார்க் இல்லீங்க



பிளஸ் டூ வந்ததும் எம்பொண்ணோட வள்ளி கும்மியை நிறுத்திட்டேன். "அதுக்கு மார்க் தர்றாங்களா?"ன்னு கேட்டேன். தர்றதில்லைதான். பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200தான் கணக்கு. விளையாட்டுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு; அதுக்கும் போட்டிச் சான்றிதழ் வேணும்.

அசோகா மாதிரி சில தனியார் பல்கலைக்கழகங்களில் பாடத்துக்கு வெளியே என்ன செஞ்சேன்னு விண்ணப்பத்திலேயே கேக்கறாங்க. அதனால எந்த ஊர், எந்தத் தேதி, யாருக்குச் சொல்லிக்கொடுத்தாங்கறதை நம்ம தீர்மான நோட்டு மாதிரி எழுதி வைங்க.

அந்தக் கும்மியைப் பெண்களுக்கும் கத்துக்கொடுத்த மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024ல் பத்மஸ்ரீ கிடைச்சுது. அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. காலேஜ்ல இருக்கிற பொண்ணுக்குப் போன் போட்டு, "ஆடறியா கண்ணு?"ன்னேன்.

"ஆட்டமே மறந்துபோச்சும்மா"ன்னா.